மாப்பிள்ளைக் காரின் மூன்றாம் ஸ்டேஜ்

ஜெமீலின் கார் சக்கரம் தரையில் படாமல் கிண்ணியாப் பாலத்தைக் கடந்தது என்று ஊரில் ஒரு கதை அடிபட்டது.

துறையடித் தேநீர்க்கடையில் கிளம்பும்போது அது அடக்கமான கதையாகத்தான் இருந்தது. பாலத்தின் நடுவில் கார் கொஞ்சம் எழும்பியதாம், அவ்வளவுதான். சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு முழம் எழும்பிவிட்டது. சீனன்குடாவைத் தாண்டித் திருகோணமலை பஸ் நிலையத்துக்கு வந்தபோது, பாலத்தில் நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவரின் தொப்பியைத் தட்டிவிட்டுப் பறந்திருந்தது. தொப்பிக்காரர் யார் என்று தேடினால் குச்சவெளிப் பக்கம் கை காட்டினார்கள். அங்கே பிடித்துக் கேட்டால், தான் வாழ்நாளில் தொப்பியே போட்டதில்லை, ஆனால் சத்தம் மட்டும் கேட்டது என்றார் அவர்.

விசாரித்துப் பார்த்ததில் கதை சுத்தமான உண்மை. அந்தக் காரின் ஒரு சக்கரமும் பாலத்தில் படவில்லை. நான்கும் ஒரு லொறியின் முதுகில் இருந்தன. கார் அன்று எஞ்சின் பாதி கழன்ற நிலையில், தார்ப்பாயால் மூடி, கயிறு போட்டுக் கட்டப்பட்டு, திருகோணமலைக் கராஜிலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. பாலத்தின் முகப்பில் ஒரு மாடு படுத்திருந்தது. லொறிக்காரர் இறங்கிப் போய் அதை எழுப்பிவிட்டுத்தான் பயணத்தைத் தொடர்ந்தார்.

இதையெல்லாம் நேரில் பார்த்தவர் லொறிக்குள் சாரதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெமீல். ஆனாலும் தேநீர்க்கடையில் யாராவது கேட்டால் அவர் மறுப்பதில்லை. "ஓம், கடந்ததுதான்" என்று சொல்லிவிட்டுப் பிளேன்டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழும்பிப் போய்விடுவார். அதில் ஒரு பொய்யும் இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

எழும்பிப் போவது ஜெமீலுக்குப் பிறவிக் குணம். பாலம் வருவதற்கு முந்திய காலத்தில் பிறந்தவர். அப்போது ஊரை விட்டு வெளியே போவதென்றால் துறையடியில் மிதவைப் படகுக்குக் காத்து நிற்க வேண்டும். படகு அக்கரையில் இருக்கும். இக்கரையில் வெயில் இருக்கும். பள்ளிக்கூடக் காலம் முழுவதும் அந்தத் துறையில் நின்று காலை மாற்றி மாற்றி ஊன்றியதில் அவருடைய வலது முழங்கால் சும்மா இருக்க மறந்துபோனது. இன்றைக்கும் கதிரையில் உட்கார்ந்தால் அது தானாக ஆடும். மேசையில் கோப்பை இருந்தால் கோப்பையும் ஆடும்.

பிறகு கத்தாருக்குப் போனார். அங்கே ஒரு முதலாளியின் வீட்டில் கார்களைக் கழுவித் துடைத்து, கொட்டிலிலிருந்து வாசல் வரை கொண்டுவந்து நிறுத்தும் வேலை. உலகத்தின் அதிவேகக் கார்களையெல்லாம் ஜெமீல் ஓட்டியிருக்கிறார். எல்லாவற்றையும் முதலாவது கியரில்தான். வாசல் வந்ததும் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். முதலாளியின் மகன் ஏறி உட்கார்வான், ஒரு உறுமல் கேட்கும், பிறகு தூசி மட்டும்.

ஊருக்குத் திரும்பி ஐஸ் வியாபாரம் செய்தார், அது உருகியது. தொலைபேசிக் கடை போட்டார். ஆடு வளர்த்தார். ஆடுகளுக்கும் ஒரு இடத்தில் நிற்க ஏலாது என்பதால் இரண்டு பக்கமும் களைத்துப்போயின. கடைசியில் ஆட்டுக்கொட்டில் இருந்த இடத்தில் ஒரு கார் வந்து நின்றது. வெளிநாடு போகிற ஒருவர் கண்டியில் விற்றுவிட்டுப் போன பழைய ஜப்பான் கார். இரண்டு கதவு, பின்னால் இறக்கைபோல் ஒரு செட்டை, உள்ளே டர்போ. வெள்ளை நிறம்.

வெள்ளையாக இருந்ததால் அதற்கு ஒரு தொழிலும் கிடைத்தது. கல்யாண வீடுகளுக்கு மாப்பிள்ளைக் காராகப் போகும். கிண்ணியாவில் போனது, கந்தளாயில் போனது. சல்லியில் ஒரு சைவக் கல்யாணத்துக்குப் போனபோது பெண் வீட்டார் நான்கு டயருக்கும் கீழே தேசிக்காய் வைத்தார்கள். ஜெமீலும் பிஸ்மி சொல்லிவிட்டு நான்கையும் நசுக்கிக்கொண்டு கிளம்பினார். இரண்டு பக்கத்துக் காவலும் சேர்ந்தே அந்தக் காருக்கு இருந்தது. அதோடு நின்றிருந்தால் அவர் பெயர் ஊரில் யாருக்கும் தெரிந்திருக்காது.

உப்புவெளியில் தகரக் கூரை போட்ட கராஜ் வைத்திருக்கும் யதுர்சன்தான் முதலில் அந்தச் சொல்லைச் சொன்னவன். எண்ணெய் மாற்றப் போன ஜெமீலை அண்ணன் முறை வைத்து, "நானா, இதுக்கு ஸ்டேஜ் வன் செய்தால் என்ன?" என்று சும்மா கேட்டான். முழங்கால் ஆடத் தொடங்கிவிட்டது.

டர்போ என்றால் பெரிய மந்திரமில்லை. எஞ்சின் வெளியே தள்ளும் புகை ஒரு சின்னக் காற்றாடியைச் சுழற்றும். அதோடு சேர்ந்து இன்னொரு காற்றாடி சுழன்று, வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். கூடுதல் காற்று, கூடுதல் பெற்றோல், கூடுதல் இழுவை. எவ்வளவு தள்ளலாம் என்று உள்ளே ஒரு கணினி கட்டளை போட்டுக்கொண்டிருக்கும். யதுர்சன் ஒரு வயரைச் சொருகி, மடியில் இருந்த கணினியைத் தட்டி, அந்தக் கட்டளையை மாற்றினான். அதுதான் முதலாம் ஸ்டேஜ். ஒரு ஆணியைக்கூடக் கழற்றவில்லை. கார் மட்டும் வேறு காராகிவிட்டது. அரசாங்கக் கச்சேரிகளிலும் இப்படி ஒரு வயர் சொருக இடம் வைத்திருந்தால் எவ்வளவோ பேருக்குப் பிறப்புப் பத்திரம் கிடைத்திருக்கும்.

ஜெமீலுக்கு நிம்மதி கொஞ்ச நாள் நீடித்தது. பிறகு யதுர்சன், இப்போது எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறது, குழாய்கள் ஒடுக்கம் என்றான். இரண்டாம் ஸ்டேஜில் புகைக்குழாய் அகலமானது, காற்று உள்ளே வரும் வழியும் அகலமானது. சத்தமும் அகலமானது. பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒருவர் வந்து, தொழுகை நேரத்தில் மட்டும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டு போனார். கந்தளாயில் ஒரு மணமகள் அல்பத்தின் முதற்படத்தில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிற்கிறாள். அதற்குப் பிறகு கந்தளாயிலிருந்து அழைப்பு வரவில்லை.

இரண்டாம் ஸ்டேஜுக்கு 95 ரகப் பெற்றோல்தான் ஒத்துவரும். சீனன்குடாக் காட்டுக்குள் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் ஊர் முழுவதையும் மிதக்க வைக்கிற அளவில் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு நடுவால் ஓடி, பெற்றோல் செட்டுக்கு வந்து, "95 வந்ததா?" என்று கேட்பார் ஜெமீல். வந்திருக்காது. வந்த இடத்துக்குப் போவார். போய் அடித்த பெற்றோலில் பாதி, திரும்பி வருவதற்கே சரியாகும். அந்தப் பாதியை ஓட்டிய சுகம் வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்பார்.

மூன்றாம் ஸ்டேஜ் என்பது வேறு சங்கதி. பெரிய டர்போ. அது தள்ளுகிற சூடான காற்றைக் குளிராக்க, காரின் மூக்கில், ரேடியேட்டருக்கு முன்னால், அகலமான ஒரு அலுமினியச் சட்டம். இன்டர்கூலர் என்பார்கள். எதிர்க்காற்று அதற்குள் புகுந்து போனால்தான் எல்லாம் ஒழுங்காக நடக்கும். இத்தனை இழுவையையும் தாங்க ஒரு முரட்டுக் கிளட்ச். வேலை பாதியில் இருக்கும்போது யதுர்சனின் அக்கா மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு வந்தது. பந்தல் போடக் கராஜ் வளவு தேவைப்பட்டது. கார் லொறியில் ஏறியது. பாலத்துக் கதை அங்கேதான் பிறந்தது.

எல்லாம் பூட்டி முடித்த நாளில் யதுர்சன் ஒரு எச்சரிக்கை சொன்னான். "நானா, இது ஓட ஓட நல்ல பிள்ளை. நிண்டால்தான் கோபம் வரும்." ஜெமீலுக்கு அது தன்னைப் பற்றிச் சொன்னதுபோல் இருந்ததால் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

வீட்டில் லைலா இதை வேறு விதமாகப் பார்த்தாள். ஜெமீலின் மனைவி ஆஸ்பத்திரியில் வேலை செய்பவள்.

"எங்கட வார்ட்டில மூண்டாம் ஸ்டேஜ் எண்டால் வீட்டாரைக் கூப்பிட்டு இருத்தி வச்சுக் கதைப்பாங்க" என்றாள். "உங்களோட ஆராச்சும் கதைச்சாங்களா?"

ஜெமீலின் முழங்கால் ஆடியது. மேசையில் இருந்த அவளுடைய கோப்பையும் ஆடியது. லைலா கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவளுடைய தங்கை நிப்லாவின் கல்யாணம் நெருங்கியிருந்தது. மாப்பிள்ளை அஷ்ரப் மூதூர்க்காரர், உரக்கடை வைத்திருப்பவர். மாப்பிள்ளையைப் போய் அழைத்து வருவது, பெண்ணின் அக்கா புருஷனான ஜெமீலின் பொறுப்பு. லைலா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"மாப்பிள்ளை இந்தக் காரில ஏறி, நம்மட வாசல்ல வந்து இதிட கதவைத் திறந்து இறங்கட்டும். அதுக்குப் பிறகு இந்தக் காரைப் பத்தி நான் வாய் திறக்க மாட்டன். இடையில எங்கயாச்சும் இறங்கினாரோ, அடுத்த நாளே நீங்க இதை விக்கணும். சரியா?"

சரி என்றார். மூதூர் எவ்வளவு தூரம்? அவருடைய காருக்கு அது ஒரு தும்மல்.

கல்யாணத்தன்று பகல் உணவுக்கு முன்பே மூதூருக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டில் கதிரை போட்டுக் கொடுத்தார்கள். குளிர்பானம் கொடுத்தார்கள். உட்கார ஏலாமல் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தார். அப்படி ஒரு முறை வெளியே வந்தபோது காரின் மூக்கைக் காணவில்லை.

மாப்பிள்ளையின் தங்கை ஆதிலாவும் தோழிகளும் சேர்ந்து, முன்பக்கம் முழுவதையும் மூடி ஒரு இதயம் செய்து ஒட்டியிருந்தார்கள். சற்றின் துணியில் ரோசாக்கள், அடியில் தடித்த ஸ்பொஞ், அதற்கும் அடியில் வலைத்துணி. நடுவில் அஷ்ரப், நிப்லா என்று தங்க எழுத்து. இன்டர்கூலர், ரேடியேட்டர் எல்லாம் அந்த இதயத்துக்குப் பின்னால் போய்விட்டன. ஊசி நுழைய இடமில்லை.

அந்த இடத்தில் ஜெமீல் வாயைத் திறந்திருக்கலாம். தங்கச்சி, இதைக் கொஞ்சம் மேலே ஒட்டுவோம் என்று சொன்னால் போதும். ஆனால் சம்பந்தி வீட்டார் ஆசையாகச் செய்ததைப் பெண் வீட்டார் கழற்றச் சொன்னார்கள் என்ற கதை, மூதூரிலிருந்து கிண்ணியாவுக்குக் காருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், எதையும் தாங்கும் என்று அவரே ஊரெல்லாம் சொல்லித் திரிந்த காருக்குப் பூவைத் தாங்க ஏலாது என்று தன் வாயால் எப்படிச் சொல்வது?

"பிடிச்சிருக்கா நானா?" என்று ஆதிலா கேட்டாள்.

"மாஷா அல்லாஹ்" என்றார் ஜெமீல். அந்தச் சொல்லை அவ்வளவு சோகமாக யாரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

மாப்பிள்ளை வெள்ளைக் கோட்டும் மாலையுமாக முன் இருக்கையில் ஏறினார். பின்னால் வேன் ஒன்றில் மற்றவர்கள். ஊர் எல்லை தாண்டியதும் சூட்டைக் காட்டும் முள் மெல்ல எழும்பியது. ஜெமீல் ஒரு கணக்குப் போட்டார். வேகமாகப் போனால் எதிர்க்காற்றில் இதயம் பிய்ந்து பறந்துவிடும். பூ காற்றில் போனால் யாரும் யாரையும் குற்றம் சொல்ல ஏலாது. காலை அழுத்தினார். கங்கைப் பாலமும் வயலும் பின்னால் ஓடின. வேன் கண்ணாடியில் ஒரு புள்ளியானது. அதுவரை எதற்காக இந்த வேகம் என்று கேட்ட எல்லோருக்கும் இன்றுதான் ஒரு பதில் இருந்தது. ஆனால் ஆதிலா பாவித்த டேப் தரமான டேப். காற்று அடிக்க அடிக்க இதயம் இன்னும் இறுக்கமாக மூக்கில் ஒட்டிக்கொண்டது.

பக்கத்தில் அஷ்ரப்பின் கண்கள் விரிந்திருந்தன. உரக்கடையில் அமைதியான ஆள் என்று பெயர் எடுத்தவர், மாலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் முன்பலகையைத் தடவிப் பார்த்தார். டர்போ எப்போது வேலை செய்யத் தொடங்கும், அந்தப் புஸ்ஸென்ற சத்தம் எதனால் என்று கேட்டுக்கொண்டே வந்தார். வேறு நாளென்றால் ஜெமீல் விடிய விடியச் சொல்லியிருப்பார். இன்றைக்கு ஓம், ஓம் என்று மட்டும் சொன்னார்.

கிண்ணியாச் சந்தியில் பொல்லடிக் குழு காத்து நின்றது.

மாப்பிள்ளை ஊருக்குள் வரும்போது, கையில் குட்டைக் கம்புகளான பொல்லுகளோடு அவர்கள் காருக்கு முன்னால் பாடி ஆடிப் போவார்கள். அவர்கள் போகிற வேகத்தில்தான் காரும் போக வேண்டும். குழுவை நடத்தும் அண்ணாவியார் ஸஹாப்தீன், ஒரு பாட்டை முழுதாக முடிக்காமல் அடுத்த அடி வைக்காதவர். பெண் வீடு வரை அவருக்குப் பல பாட்டுகள் கைவசம் இருந்தன. வெயில் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. பின்னேர அஸர் தொழுகை முடிந்ததும் நிக்காஹ்.

முரட்டுக் கிளட்சை மிதித்து, விட்டு, மிதித்து, விட்டுப் போனதில் ஜெமீலின் இடது கால் நடுங்கியது. சும்மாவே ஆடும் வலது காலும் சேர்ந்துகொண்டது. கார் ஒரு அடி பாய்ந்து நின்றது, மறுபடியும் பாய்ந்து நின்றது. ஒரு தடவை புஸ்ஸென்று சீறியபோது பின்வரிசையில் இரண்டு பொல்லுகள் ஒன்றை ஒன்று தவறவிட்டன. ஸஹாப்தீன் பாட்டை நிறுத்திவிட்டு ஜன்னலருகே வந்தார்.

"தம்பி, உங்கட கார் தாளம் தப்புது."

"கொஞ்சம் கெதியாப் போனீங்க எண்டால்..."

"மாப்பிள்ளையா தம்பி ஓடிப்போறாரு? நாங்கதான் வாறம், அவர் வருவாரு." ஸஹாப்தீன் திரும்பிப் போய், முதலடியிலிருந்து பாட்டைத் தொடங்கினார்.

இரண்டாவது வளைவில் முள் சிவப்புக்குள் போனது. ரோசாக்களுக்கு நடுவில் இருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. பார்த்தவர்கள் முதலில் சாம்பிராணி ஏற்பாடு என்றே நினைத்தார்கள். ஒருவர் நல்லாயிருக்கு என்று கைதட்டினார். பிறகு கார் ஒரு முறை குலுங்கி நின்றது. எஞ்சின் மறுபடி பிடிக்கவில்லை. யாரோ தண்ணீர் என்று கத்த, கையில் இருந்த பன்னீர்ச் செம்போடு ஒருவர் ஓடி வந்தார்.

ஒரு ஓட்டோ தானாகவே பக்கத்தில் வந்து நின்றது. இப்படியான நேரங்கள் ஓட்டோக்காரர்களுக்கு எப்படித்தான் மணக்குமோ தெரியாது. அஷ்ரப் மாலையைச் சரிசெய்து, கதவைத் திறந்து, ஒரு காலை வெளியே வைக்கப் போனார்.

"தம்பி, இறங்க வேணாம்."

"நேரமாகுது நானா. நான் ஓட்டோல போறன், நீங்க காரைப் பாத்துட்டு வாங்க."

"இறங்கினீங்க எண்டால் எனக்குக் கார் இல்ல."

அஷ்ரப்புக்கு விளங்கவில்லை. ஆவிக்கு நடுவில், பொல்லுக்காரர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, ஜெமீல் லைலா போட்ட நிபந்தனையை முதலில் இருந்து கடைசி வரை மெதுவான குரலில் சொன்னார். நிக்காஹ் இன்னும் முடியாத ஒரு மனிதருக்கு, அந்த வீட்டுப் பெண்கள் எப்படி நிபந்தனை போடுவார்கள் என்பது அப்படித்தான் முதன்முதலாகத் தெரியவந்தது.

அஷ்ரப் வெளியே போகவிருந்த காலை உள்ளே எடுத்தார். கதவைச் சாத்தினார். கோட்டுக்குள் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப நான் இறங்கல்ல" என்றார். "ஆனா நானா, இதை ஒரு நாளைக்கு நான் ஓட்டணும். தனிய. பாலத்தடிக்குப் போய்த் திரும்பி வாறன்."

"கட்டாயம். ஓட்டுங்க. கட்டாயம்."

மூழ்குகிறவன் எதற்கும் கட்டாயம் என்பான். ஜெமீல் இறங்கி ஸஹாப்தீனிடம் போனார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. பொல்லுகள் எல்லாம் இடுப்பில் செருகப்பட்டன. ஆடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் காரின் பின்னால் போய்ச் செட்டையைப் பிடித்தார்கள். ஸஹாப்தீன் மட்டும் முன்னால் நின்று பாட்டை எடுத்தார். ஒரு அடிக்கு ஒரு தள்ளு. அன்று முழுவதும் தாளம் தப்பிய கார், அதற்குப் பிறகு ஒரு இடத்திலும் தப்பவில்லை. வழியில் இருந்த பெண்கள், இவ்வளவு அடக்கமாக இந்தக் கார் போய்த் தாங்கள் பார்த்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

வாசலில் லைலா நின்றாள். பாங்கு சொல்லி முடிகிற நேரம். கார் வந்து நின்றது. அஷ்ரப் கதவைத் தானே திறந்து, இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸலாம் சொன்னார். மாலை வாடியிருந்தது. முகம் மட்டும் ஏதோ வழக்கில் வென்ற முகம்.

லைலா பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற பொல்லுக்காரர்களைப் பார்த்தாள். வேர்த்துக் கொட்டிய புருஷனைப் பார்த்தாள்.

"கார் மாப்பிள்ளையைக் கொண்டு வந்ததா, மாப்பிள்ளையோட சேத்துக் காரையும் கொண்டு வந்தாங்களா?"

"ஏறினது மூதூர்ல. இறங்கினது இஞ்ச. இடையில கால் நிலத்தில படல்ல. அவரிட்டயே கேளுங்க."

"ஓம் மதினி" என்றார் அஷ்ரப். "நான் இறங்கவே இல்ல."

லைலா சொன்ன சொல்லில் நிற்பவள். அன்றைக்குப் பிறகு காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமல் இருப்பது எவ்வளவு சத்தமான காரியம் என்று ஜெமீல் இப்போதுதான் அறிந்துவருகிறார். யதுர்சன் வந்து எஞ்சினைத் திறந்து, இன்டர்கூலரின் இடுக்குகளில் இருந்து உருகிய ஸ்பொஞ்சைச் சுரண்டி எடுத்துப் பழுது பார்த்துக் கொடுத்தான். கார் மறுபடியும் ஓடுகிறது.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை, பெண்ணுக்கு அவள் வீட்டார் கட்டிக் கொடுத்த வீட்டில் வந்து குடியிருப்பார். நிப்லாவின் வீடு ஜெமீலின் வளவுக்குப் பக்கத்து வளவு. நடுவில் இருப்பது ஒரு தகர வேலி, அதில் ஒரு படலை. கடைக்குப் போகாத நாட்களில் அஷ்ரப் அந்தப் படலையைத் திறந்துகொண்டு வந்து காரைக் கழுவுகிறார். யாரும் கேட்கவில்லை, அவராகவே வாளியோடு வருகிறார். கழுவித் துடைத்துவிட்டுச் சாவிக்குக் கையை நீட்டுகிறார்.

ஒரு நாள் டயரில் காற்றுக் குறைவு என்றார் ஜெமீல். அஷ்ரப் போய்ப் பம்பைக் கொண்டுவந்து நான்குக்கும் அடித்தார். இன்னொரு நாள் கிளட்ச் முரடு, பழகாத கால் தாங்காது என்றார். அப்படியானால் பழக்குங்கள் என்று அஷ்ரப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். மழை வரும்போல் இருக்கிறது என்றார் ஜெமீல். இரண்டு பேரும் வானத்தைப் பார்த்தார்கள். அதில் ஒரு முகில்கூட இல்லை.

"நாளைக்கு" என்றார் ஜெமீல்.

"சரி நானா, நாளைக்கு."

அஷ்ரப் வாளியைத் தூக்கிக்கொண்டு படலையைச் சாத்தாமலே போனார். ஜெமீல் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், பிறகு மறுபக்கமாக இன்னொரு சுற்று. அந்தப் பக்கம் நிப்லா தேநீர் ஊற்றும் சத்தம் கேட்டது. திறந்திருந்த படலை வழியே, முற்றத்துக் கதிரையை இந்தப் பக்கம் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருக்கும் அஷ்ரப் தெரிந்தார். சாவி இன்னும் ஜெமீலின் இடுப்புச் சாரத்து மடிப்புக்குள்தான் இருக்கிறது.